துப்பாக்கி வாரும் கட்டுச்சோறும்

வண்டன்மேடு,
11-8-1957

அன்புள்ள மச்சான் பொங்கியண்ணன் அவர்களுக்கு நல்லமுத்துவின் வணக்கம்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் தங்கைக்கு வாந்தி நின்று, இப்போதுதான் இரண்டு வாய் சோறு இறங்குகிறது. மயிலாத்தாள் என்று ஒருத்தியைக் கட்டிக்கொடுத்ததை மறந்துவிட்டு, துப்பாக்கி எப்படி இருக்கிறது என்று போன கடிதத்தில் முதல் வரியிலேயே கேட்டிருந்தீர்கள். அவளே படித்துவிட்டுச் சிரித்தாள்.

விஜயதசமிக்கு நாம் இருவரும் வைக்கிற சுடும் போட்டியை இந்த வருஷம் நடத்துவது என் முறை. போன வருஷம் உங்கள் கடலைக்காட்டில் சுட்டோம். இந்த வருஷம் இங்கே, ஏலத்தோட்டத்துக்குக் கீழே ஒரு மேட்டுச் சரிவைச் சமப்படுத்தி வைத்திருக்கிறேன். பக்கத்துத் தோட்டக்காரர்கள் பார்க்க வருகிறோம் என்கிறார்கள். "உங்க மச்சினன் பெரிய சூரனாமே, பார்க்கத்தானே போறோம்" என்று ஒருவர் ஏற்றிவிட்டுப் போனார். எனவே இந்தத் தடவை தோற்கிற உத்தேசம் எனக்கு இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரு நல்ல துப்பாக்கி வார் வேண்டும். இப்போது இருப்பது இங்கே தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது துப்பாக்கியோடு விட்டுப்போன கேன்வாஸ் வார். இந்த மலையில் மூடுபனி இறங்கினால் நனைந்து பலகை போல விறைத்துக்கொள்கிறது, காய்ந்தால் வேறு அளவு. காலையில் பழகியது சாயங்காலம் உதவுவதில்லை. உங்கள் துப்பாக்கியில் இருப்பதைப் போலத் தோல் வார், கையில் மாட்ட வளையம் வைத்தது, செய்து அனுப்ப முடியுமா? தோல் என்றாலே என் அம்மாவுக்கு ஆகாது. செருப்பைக்கூட ஏலக்காய் ஸ்டோர் வாசலில் விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும். அதை நான் சமாளித்துக்கொள்கிறேன்.

போட்டி போடுகிறவனிடமே வார் கேட்கிற ஏமாளி இந்த உலகத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன். உங்களுக்கு நல்லதாக ஒன்று தைத்துக்கொண்டு, மிச்சத் தோலில் எனக்கு ஒன்று அனுப்பிவிடாதீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
நல்லமுத்து


வேலந்தாவளம்,
25-8-1957

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. வார் தபாலில் தனிப் பொட்டலமாக வருகிறது. மிச்சத் தோல் இல்லை. மிச்சத் தோலில் தைத்தது என்னுடையதுதான்.

போன வருஷம் என் துப்பாக்கியை வாங்கிப் பார்த்தபோது நீங்கள் குழாயைப் பார்க்கவில்லை, வாரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அப்போதே நினைத்தேன், இது எங்கே போய் முடியும் என்று. சரி, கேட்டுவிட்டீர்கள். பாலக்காட்டில் குதிரை வண்டிக்குச் சேணம் தைக்கிற ஏசுதாஸிடம் போனேன். அவன் உடனே தோலை எடுக்கவில்லை. "தோள்ல மாட்டி நடக்கறதுக்கா, படுத்துச் சுடறதுக்கா? ரெண்டும் ஒண்ணுன்னா நான் தைக்க மாட்டேன்" என்றான். படுத்துச் சுடுவதற்குத்தான் என்றேன். ஆட்டுத் தோல் மெத்தென்று இருக்கும், ஆனால் இழுக்க இழுக்க நீளும். தடித்த எருமைத் தோல் நீளாது, ஆனால் கையைக் கடிக்கும். நீளாததையே தைக்கச் சொன்னேன். அகலம் குறைத்தால் வெட்டும், கூட்டினால் மடியும் என்பதால் நடுத்தரம். பித்தளைப் பக்கிள். வரிசையாகத் துளை போட்டிருக்கிறான்.

இனி நான் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். நம்முடைய பாயிண்ட் டூ டூ சின்னத் துப்பாக்கிதான், அதிலிருந்து வருவது சுண்டைக்காய்த் தோட்டாதான். அதற்காக அதை லேசாக எண்ண வேண்டாம். வாரை இடது கையில் ஏற்றி இறுக்கிப் படுத்தால், அது முன்கட்டையைக் கீழேயும் இடது பக்கமும் இழுத்துப் பிடிக்கும். அந்த இழுப்போடு சேர்த்துத்தான் பின்னால் குறி பார்க்க வைத்திருக்கிற குறித்தகட்டைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். எந்தத் துளையில் மாட்டிச் சரிசெய்தீர்களோ, போட்டியிலும் அதே துளை. மாற்றினீர்களோ, குண்டு வேறு இடம் போகும். ஜெயிப்பதற்கு எதிராளிக்கே வழி சொல்லிக்கொடுக்கிற ஏமாளி நானும் ஒருவன் இருக்கிறேன்.

ஆயுத பூஜையை விடியும் முன்னே இங்கே முடித்துவிட்டுக் கிளம்புகிறேன். எங்கள் ஊட்டுப் பூஜை உங்களுக்குத் தெரியும். கலப்பை, சாட்டை, மாட்டுக் கழுத்துப் பட்டை, துப்பாக்கி எல்லாம் ஒரே வரிசை, எல்லாவற்றுக்கும் பொட்டு. இருட்டுவதற்குள் கம்பம் வந்துவிடுவேன். அங்கே ஜீப் அனுப்பினால் போதும்.

அம்மா ஒன்று எழுதச் சொன்னார். ஐப்பசியில் மயிலாவுக்கு ஏழாம் மாதம். கட்டுச்சோறு ஆக்கிக்கொண்டு வந்து உங்களுக்கெல்லாம் விருந்து போட்டு, அவளைப் பிரசவத்துக்கு அழைத்து வருகிறோம். கார்த்திகை மழை பிடித்துக்கொண்டால் மலைப்பாதை சரிந்துவிடும். அதற்கு முன் அவளை இறக்கிவிட வேண்டும். தலைப்பிரசவம். அங்கே இராத்திரி ஒன்றென்றால் டாக்டர் எங்கே, நாம் எங்கே? அம்மாவுக்கு இப்போதே தூக்கம் இல்லை. எனக்கும்தான்.

பொங்கியண்ணன்


வண்டன்மேடு,
6-10-1957

பொங்கியண்ணன் அவர்களுக்கு,

நீங்கள் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். ஜெயித்தவர்களுக்குப் பயணக் களைப்புத் தெரியாது.

போட்டி முடிந்து குறி அட்டைகளைக் கொண்டுவந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. வந்தவர்கள் முன்னால் மச்சினனோடு சண்டை போட வேண்டாம் என்று இருந்தேன். இப்போது கேட்கிறேன். சுட்டு முடியும்வரை அட்டையைப் போய்ப் பார்க்கக் கூடாது என்பது நாம் இருவரும் வைத்த சட்டம். அந்தச் சட்டம் உங்களுக்கு எவ்வளவு வசதியாகப் போய்விட்டது பார்த்தீர்களா? என் குண்டுகள் எல்லாம் ஒரே கொத்தாக, கட்டைவிரலால் மூடிவிடுகிற அளவில் இருந்தன. ஆனால் கரும்புள்ளிக்குள் இல்லை. மேலே, வலது பக்கம், வெள்ளையில். கை நடுங்குகிறவனுக்குக் குண்டு சிதறும். எனக்குச் சிதறவில்லை.

மறுநாள் நான் மட்டும் தனியாகப் போய்ச் சுட்டுப் பார்த்தேன். அதே இடம். அப்புறம்தான் வாரைப் பார்த்தேன். ஆவணியிலிருந்து தினமும் எந்தத் துளையில் மாட்டிப் பழகினேனோ அதில் பக்கிள் இல்லை. தளர்த்தி மாட்டியிருந்தது. பழைய துளைக்கு மாற்றிச் சுட்டேன். அத்தனையும் கரும்புள்ளிக்குள்.

பூஜையன்று காலையில்கூடச் சுட்டுச் சரிபார்த்துவிட்டுத்தான் துப்பாக்கியை வீட்டில் கொடுத்தேன். பிறகு தோட்டத்து ஆட்களுக்குப் பொரிகடலையும் துணியும் கொடுக்கப் போய்விட்டேன். மறுநாள் காலையில் பூஜை முடிந்து சாமி அறைக்கு வெளியே வைத்திருந்ததை எடுத்தேன், நேரே போட்டிக்கு வந்தேன். நடுவில் இந்த வீட்டுக்கு வந்த ஒரே வெளியாள் நீங்கள். நீங்கள் படுத்த கூடத்துக்கும் சாமி அறைக்கும் நடுவில் கதவுகூடக் கிடையாது. என் அம்மாவும் உங்கள் தங்கையும் துப்பாக்கி என்றால் ஒதுங்கிப் போகிறவர்கள். துளை மாறினால் குண்டு எங்கே போகும் என்று இந்த மலையில் யாருக்குத் தெரியும்? எனக்குச் சொல்லிக்கொடுத்தவருக்குத்தான் தெரியும்.

போட்டிக்கு முன் என் துப்பாக்கியைக் கையில் வாங்கி, வாரைத் தடவிப் பார்த்து, "பரவாயில்லீங்களே மாப்ள, நல்லா பழக்கியிருக்கீங்க" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போது விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது.

மேலத் தோட்டத்துக்காரர் நேற்று வந்து, "துப்பாக்கிய மாத்துங்க, இல்ல மச்சினன மாத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார். இந்த நிலையில் கட்டுச்சோறு, விருந்து என்று யாரும் மலை ஏறி வர வேண்டாம். மயிலா இங்கேயே இருக்கட்டும்.

நல்லமுத்து


வேலந்தாவளம்,
13-10-1957

மாப்பிள்ளை அவர்களுக்கு,

பெண் கொடுத்த இடம் என்பதால் பொறுமையாக எழுதுகிறேன். முதலில் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

உங்கள் வாரை நான் தொட்டது அந்த ஒரு தடவைதான், உங்கள் கண் முன்னால்தான். ஏசுதாஸ் தைத்தது எப்படிப் பழகி வந்திருக்கிறது என்று பார்த்தேன். எந்தத் துளையில் நீங்கள் பழகினீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? கனவிலா வந்து சொன்னீர்கள்? நான் ஜெயிக்க வேண்டுமென்றால் ஒரு வேலையும் செய்ய வேண்டாம். அந்தக் கேன்வாஸ் வாரோடேயே இருங்கள் என்று ஆவணியிலேயே எழுதியிருந்தால் போதும்.

எனக்கும் கேட்க ஒன்று இருக்கிறது. போட்டி முடிந்த பிறகு மயிலா என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. வந்த அன்று சிரித்தாள், அதோடு சரி. அட்டைகளைக் கொண்டுவந்து காட்டியதும் அடுப்படிக்குள் போனவள், நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. உள்ளே போய், "ஏங் கண்ணு, ஒடம்புக்கு ஆகலியா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லீங்கண்ணா" என்று புகையைச் சாக்குச் சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். அடுப்பில் நெருப்பே இல்லை. என் தங்கை எதற்குப் பயப்படுகிறாள்? யாருக்குப் பயப்படுகிறாள்?

வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் எனக்கு ஒன்று தோன்றியது, சொல்லிவிடுகிறேன். இப்போது உங்கள் தோட்டத்தில் காய் பறிப்பு மும்முரமான காலம். ஸ்டோர் சாவி மயிலாவின் இடுப்பில் இருந்ததைப் பார்த்தேன். காய் உலர்த்துகிற சூட்டில் போய் நிற்பது யார், எடை பார்ப்பது யார்? அவளை இந்த நேரத்தில் அனுப்ப உங்களுக்கு மனம் இல்லை. அதற்கு ஒரு சண்டை வேண்டும். சண்டைக்கு ஒரு துளை வேண்டும். துளையை நீங்களே மாற்றிவிட்டு என் மேல் போட்டால் எல்லாம் சரியாக அமைந்துவிடுகிறது. இது பொய்யென்றால் பொய்யென்று எழுதுங்கள், சந்தோஷப்படுவேன்.

அம்மாவிடம் உங்கள் கடிதத்தைக் காட்டவில்லை. கட்டுச்சோற்றுக்குப் புளி வாங்கி வைத்தாகிவிட்டது. தினமும் மழை எப்படி என்று மலைப் பக்கம் பார்க்கிறார். அவரிடம் நான் என்ன சொல்வது?

பொங்கியண்ணன்


வண்டன்மேடு,
25-10-1957

பொங்கியண்ணன் அவர்களுக்கு,

இதை எங்கள் தோட்டத்துக் குப்பண்ணன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். உங்கள் ஊர்ச் சந்தையில் ஒரு கறவை மாடு பிடிக்க வருகிறான். பதிலை அவனிடமே கொடுங்கள்.

போட்டியில் தோற்பதற்கு நானே என் வாரைத் தளர்த்திக்கொண்டேன் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அதுவும் கர்ப்பிணிப் பெண்ணைக் காய் உலர்த்த நிறுத்துவதற்காக! என் அம்மா அவளை ஒரு கூடையைத் தொட விட்டதில்லை. சாவியை வைத்திருப்பது அவளாகக் கேட்டு வாங்கியது. "சும்மா குந்திக்கிட்டிருக்க முடியலீங்க அத்தை" என்று. இதைக்கூட விளக்கம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. இந்த ஒரு வரிக்காக உங்களை நான் மன்னிக்கப் போவதில்லை.

மயிலா மெலிந்துதான் போயிருக்கிறாள். மறைக்கவில்லை. தீபாவளிக்கு நீங்கள் அனுப்பிய சேலையைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வைத்துவிட்டாள். நான் சாப்பிட உட்கார்ந்தால் எதிரில் வந்து நிற்கிறாள், ஏதோ சொல்ல வாயெடுக்கிறாள், பிறகு மோர் ஊற்றிவிட்டுப் போய்விடுகிறாள். அண்ணனுக்குப் பரிந்து பேசத்தான் வருகிறாள் என்று தெரிந்து நானும் முகம் கொடுக்கவில்லை. அவள் உங்கள் பக்கமா என் பக்கமா என்று எனக்கே இப்போது நிச்சயமில்லை. நாலு பேர் சிரித்ததைவிட அதுதான் என்னை அதிகம் அரிக்கிறது.

ஒரே ஒரு வழி சொல்கிறேன். "நான்தான் மாற்றினேன்" என்று உங்கள் கையால் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். யாரிடமும் காட்டி உங்களை அவமானப்படுத்த மாட்டேன். எனக்கு உண்மை தெரிந்தால் போதும். அடுத்த நாளே கட்டுச்சோற்றுக்கு நாள் பார்க்கச் சொல்கிறேன். எழுத மாட்டீர்கள் என்றால் குழந்தை இந்த மலையிலேயே பிறக்கட்டும்.

நேற்று ராத்திரி கம்பமெட்டுப் பாதையில் மண் சரிந்து, இன்று மதியம்தான் வண்டி விட்டார்கள். பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நானாக இறங்கி வர முடியவில்லை.

நல்லமுத்து


வேலந்தாவளம்,
28-10-1957

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நான்தான் மாற்றினேன்.

போட்டியன்று விடியற்காலையில், மாட்டுக்குத் தீனி போட எழுகிற வழக்கத்தில் முழிப்பு வந்துவிட்டது. சாமி அறையில் உங்கள் துப்பாக்கி பூஜையில் இருந்தது. வாரில் சந்தனப் பொட்டு வைத்திருந்தது. பொட்டு அழியாமல் பக்கிளைக் கழற்றித் தளர்த்தி மாட்டினேன். சாமி முன்னால் அப்படிச் செய்தது தப்பு. போன கடிதத்தில் உங்கள் மேல் பழி போட்டு எழுதியது அதைவிடப் பெரிய தப்பு. இரண்டுக்கும் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆசைதான் காரணம். எனக்கும் வயதாகிறது, உங்களிடம் தோற்றுவிடுவேனோ என்று இருந்தது.

இதைப் பற்றி மயிலாவிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். அவளுக்கு எதுவும் தெரியாது. அவளை ஒரு சொல் சொல்லக் கூடாது. இந்த ஒன்றை மட்டும் எனக்காகச் செய்யுங்கள்.

குப்பண்ணன் நல்ல மாடாகத்தான் பிடித்திருக்கிறான். நான் கூடப் போய்ப் பல்லைப் பார்த்துக் கொடுத்தேன். கட்டுச்சோற்றுக்கு நாள் எழுதுங்கள். நீங்கள் விரும்பினால் நான் வரவில்லை. அம்மாவும் சித்தப்பாவும் வருவார்கள்.

பொங்கியண்ணன்


வண்டன்மேடு,
3-11-1957

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

மச்சான் என்று எழுத இப்போது கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் அப்படித்தான் எழுதுவேன்.

உங்கள் கடிதம் வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. யாரிடமும் காட்ட மாட்டேன் என்று எழுதியவன், குப்பண்ணன் மாட்டைக் கட்டுவதற்குள் கூடத்தில் நின்றுகொண்டு அம்மாவுக்கும் மயிலாவுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். வாரில் சந்தனப் பொட்டு என்ற இடத்துக்கு வந்ததும் அம்மா கையைத் தட்டி நிறுத்தினார்.

"டேய், என்னடா படிக்கிற? தோலு எப்பிடிடா என்ற சாமி ரூமுக்குள்ள வந்துச்சு? உங்கொப்பன் காலத்துலருந்து இந்த ஊட்ல தோலக் கொண்டாந்து சாமி முன்னால வெச்சதுண்டா? பூசையன்னைக்குக் காத்தாலயே அதக் கழட்டச் சொல்லி நாந்தேன் குடுத்தேன்."

எனக்குச் சுரீர் என்றது. செருப்பையே ஸ்டோர் வாசலில் விடச் சொல்கிற அம்மா, வாரை மட்டும் சாமி முன்னால் விடுவாரா? ஆவணியில் உங்களுக்கு அதை நானே எழுதியிருக்கிறேன். கோபத்தில் எனக்கே அது தோன்றவில்லை. உங்கள் ஊட்டில் சாட்டைக்கும் பட்டைக்கும் பொட்டு வைப்பீர்கள், அந்தப் பழக்கத்தில் என் வாருக்கும் ஒரு பொட்டை வைத்துவிட்டீர்கள். பொய் சொல்லத் தெரியாதவர்கள் பொய் சொல்லக் கூடாது, மச்சான்.

யாரிடம் கழற்றச் சொல்லிக் கொடுத்தீர்கள் என்று அம்மாவைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. மயிலா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுதுகொண்டே சொன்னாள்.

"அண்ணன் தொடவே இல்லீங்க. ஸ்டோர்லதான் தொங்கப் போட்டிருந்தேன், சாவி என்ற இடுப்புலதான் இருந்துச்சு. மறுநா காத்தால மறுபூசை முடிஞ்சு துப்பாக்கிய வெளிய வெச்சதும் நாந்தேன் வார எடுத்தாந்து மாட்டுனேன். தெனமும் அதக் கையில ஏத்தி இறுக்கிக் கட்டி, உங்க கை கறுத்துக் கன்னிப் போய்க் கெடந்துச்சுங்க. ராத்திரி தூக்கத்துல அந்தப் பக்கம் திரும்பறப்பல்லாம் மொனகுவீங்க. வெளக்கெண்ணெ தடவ வந்தா, ஒண்ணுமில்ல போன்னு தள்ளிவிட்டுருவீங்க. அன்னைக்கு ஒரு நாளாச்சும் கடிக்காம இருக்கட்டும்னு கொஞ்சம் தளத்தி மாட்டுனனுங்க. அதுல குண்டு மாறிப் போகும்னு எனக்கு என்னங்க தெரியும்?"

அம்மாதான் அவளைப் பிடித்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

போட்டியன்று படுத்து வாரை ஏற்றியபோது கைக்குச் சுகமாக இருந்ததே, அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தோல் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். உங்கள் மேல் சந்தேகப்பட்டவன் அந்தச் சுகத்தின் மேல் சந்தேகப்படவில்லை.

அட்டை வந்தவுடனேயே அவளுக்குத் தெரிந்துவிட்டதாம். சொன்னால் அண்ணனோடு சேர்ந்துகொண்டு என்னைத் தோற்கடித்தாள் என்று நான் நினைத்துவிடுவேன் என்று பயந்திருக்கிறாள். அந்தப் பயம் தப்பில்லை. நான் அப்படித்தான் நினைத்திருப்பேன். யாருக்குப் பயப்படுகிறாள் என்று கேட்டீர்களே, எனக்குத்தான். நீங்கள் எழுதியதில் பாதி பொய், பாதி உண்மை. உண்மையான பாதியை நான் படிக்கவே இல்லை. எதிரில் வந்து நின்றவளை ஒரு தடவை 'என்ன?' என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும்.

உங்களுக்கு இது எப்படித் தெரிந்தது என்று குப்பண்ணனைப் பிடித்துக் கேட்டேன். மாட்டைத் தடவிக்கொண்டே, "அம்மிணி, அண்ணங்கிட்ட மட்டும் சொல்லிப்போட்டு வாங்கன்னு சொல்லுச்சுங்க. மாப்ளகிட்டச் சொல்ல வேண்டாம்னும் சொல்லுச்சு. நான் வாங்குன சம்பளத்துக்கு மாடு பிடிச்சாந்துட்டனுங்க, மத்ததக் கேக்காதீங்க" என்றான். என் வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது, என்னைத் தவிர. மேலத் தோட்டத்துக்காரர் வந்தால் என் மச்சினன் ஒழுங்காகத்தான் சுட்டார், நான்தான் துளையைப் பார்க்காமல் படுத்தேன் என்று சொல்வதாக இருக்கிறேன். சிரித்தால் சிரிக்கட்டும்.

மயிலாவுக்கு எதுவும் தெரியாது, அவளை ஒரு சொல் சொல்லக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். ஒரு சொல்லும் சொல்லவில்லை, மச்சான். தங்கைக்காகச் செய்யாத குற்றத்தை உங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்தீர்கள். அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். நான் உங்களுக்கு எழுதியவற்றையும் போட்டுவிடுங்கள்.

அடுத்த வாரம் புதன்கிழமை நாள் நன்றாக இருக்கிறதாம். கட்டுச்சோற்றுக்கு எல்லோரும் வாருங்கள், முக்கியமாக நீங்கள். நீங்கள் வராமல் மயிலா ஜீப்பில் ஏற மாட்டாளாம். கம்பம் வரை நானே கூட வந்து இறக்கிவிடுகிறேன். துப்பாக்கியும் கொண்டுவாருங்கள். பொட்டு வைத்த உங்கள் வாரை ஸ்டோரில் தொங்கவிட அம்மா ஒத்துக்கொண்டுவிட்டார்.

மயிலா எண்ணெய் தடவினாள், நேற்றும் இன்றும். கை வலி குறைந்திருக்கிறது. வாரைப் பழைய துளைக்கு மாற்றித் தரவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். இன்று காலையில் போய், அவள் மாட்டிய துளையிலேயே வாரை வைத்துக்கொண்டு, குறித்தகட்டைத் திருப்பிச் சரிசெய்துவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை
நல்லமுத்து